பாட்டில் மாறவில்லை

“அப்பா, நான் மறுபடியும் முதல்லேருந்து படிக்கிறதுன்னா எதைப் படிக்கணும்?” என்று கேட்டாய். ஈஸ்டர் முடிந்து நீ சென்னைக்குத் திரும்பிய அன்று, திண்டுக்கல் ரயில் நிலையத்தில், நீயும் நானும் உன் அம்மாவும் ஒரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வண்டி இன்னும் கொடைரோடு வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். செய்தித் தளத்து வேலையை விடப்போவதாக அப்போதுதான் சொன்னாய். மூன்று விண்ணப்பங்கள் வாங்கி வைத்திருக்கிறேன், இதழியலிலேயே எம்.ஏ., அல்லது மூன்று வருடச் சட்டப் படிப்பு, அல்லது சுற்றுச்சூழல் அறிவியலில் ஒரு டிப்ளமோ, அடுத்த மாதக் கடைசிக்குள் ஒன்றை அனுப்ப வேண்டும் என்றாய். உன் அம்மா, “இருவத்தாறு வயசுல மறுபடியும் படிப்பா? அப்பக் கல்யாணம் எந்த செமஸ்டர்ல?” என்றாள். “அது அரியர்ல போயிக்கிட்டு இருக்கும்மா” என்றாய் நீ. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். “எழுதி அனுப்புறேன்” என்று மட்டும் சொன்னேன். “ரெண்டு வார்த்த வாயால சொன்னா ஆகாதா? வாத்தியார் புத்தி” என்று உன் அம்மா முணுமுணுத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்று உன் பையைத் திறந்து பார்த்தாள். அந்த பாட்டிலைப் பார்த்ததும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. இதற்கிடையில் நம் பள்ளியின் பழைய மாணவர்கள் தங்கள் மலருக்காக என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். எந்தப் படிப்பு எந்த வேலைக்குப் பொருந்தும் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற முறையில் எழுத வேண்டுமாம். உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தையே அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். ஏன் இதை ஊர் படிக்க வேண்டும் என்று நீ கேட்பாய். படித்து முடிக்கும்போது தெரியும். முதல் பிரதி உனக்கு வருகிறது. உன் பெயரை எங்கும் எழுதவில்லை. உன் தோழியின் பெயரை மாற்றியிருக்கிறேன். அவளைக் கௌசல்யா என்று வைத்துக்கொள். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

முதலில் உன் வேலையைப் பற்றி நீ வீட்டில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாய். “தலைப்பு முதல்லயே வந்துரும்பா. அதுக்கு ஏத்த மாதிரி யாராவது ஒருத்தருக்குப் போன் போட்டு ரெண்டு வரி வாங்கணும். அவரு வேற மாதிரி சொன்னா, வேற ஆளுக்குப் போடணும்.” உன் அம்மா அதை நம்பவில்லை. நான் உடனே நம்பினேன். ஏனென்றால் அதைத்தான் நான் முப்பத்திரண்டு வருடம் செய்தேன், செய்யவும் கற்றுக்கொடுத்தேன். உனக்குத் தெரியாததா? பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உப்பைக் கொடுப்போம், அது என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் மேசைகளுக்கு நடுவே நடந்துபோய், “முன்னாடி ரெண்டு மேசையும் அம்மோனியம் குளோரைடு, பின்னாடி சிங்க் சல்பேட்டு” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வேன். பிள்ளைகள் விடையைக் கடைசிப் பக்கத்தில் முதலில் எழுதிவிட்டு, அந்த விடைக்கு எந்தெந்தச் சோதனையில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதையெல்லாம் நினைவிலிருந்து முன்பக்கங்களில் நிரப்புவார்கள். சோதனைக் குழாயில் ஒரு சொட்டும் விட்டிருக்க மாட்டார்கள். “கண்டது” என்ற தலைப்பின் கீழ் காணாததை எழுதுவார்கள். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், பிள்ளைகளின் நன்மைக்குத்தான், யாருக்கும் கெடுதல் இல்லை என்று நாங்கள் ஆசிரியர்கள் பேசிக்கொள்வோம். விடை முன்னால், பார்ப்பது பின்னால் என்ற பழக்கம் கைக்கு வந்துவிட்டால், அது ஆய்வகத்தோடு நிற்காது. என்னிடம் நிற்கவில்லை.

நீ பிளஸ் ஒன் படித்த வருடம். பள்ளியில் நீ என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நம்முடைய ஒப்பந்தம். ஒரு நாள் மதியம் ஆய்வகத்துக்கு ஒரு லிட்டர் பாட்டிலோடு வந்து நின்றாய். “சார், இந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றாய். கௌசல்யா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். முந்தின நாள் சாயங்காலம் அவள் தன் கையால் இறைத்து, பாட்டிலை மூன்று முறை கழுவி, நிரப்பி, பேருந்து நிறுத்தத்தில் உன்னிடம் கொடுத்திருந்தாள். அவர்களுக்குக் கால் காணி மல்லிகை இருந்தது. பறித்த பூ வேனில் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும். இரண்டு வருடமாக இலை நுனி கருகி, மொட்டு சிறுத்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் ஒரு தோல் பதனிடும் ஆலை இருந்தது. அதன் கழிவு ஓடையில் இறங்குகிறது, அதனால்தான் கிணறு கெட்டது என்று ஊரில் பேச்சு. நீ ஆண்டு மலருக்கு அதைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாய். “சும்மா ஊர்ல சொல்றாங்கன்னு எழுதக் கூடாதுல்ல சார். டெஸ்ட் பண்ணி எழுதணும்” என்றாய். பதினாறு வயதில் உனக்கு அது தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததில்லை.

நான் சோதித்தேன். அதை நீ பார்க்கவில்லை, உனக்கு அடுத்த வகுப்பு இருந்தது. மூன்று சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்தேன். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் பள்ளிக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் நீ கொண்டுவந்தது. மூன்றிலும் கொஞ்சம் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, பழுப்புப் பாட்டிலைப் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரளவைக்கும் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் குழாய் தெளிவாகவே இருந்தது. இரண்டாவதில் லேசாகப் புகை படர்ந்த மாதிரி ஒரு மங்கல். மூன்றாவதில் கட்டித் தயிராகத் திரண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் இறங்கியது. மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும் செய்தேன். பிறகு அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைப் பீங்கான் கிண்ணத்தில் வற்ற வைத்தேன். கிண்ணத்தின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பொருக்கு. தோல் பதனிடுவதில் முதல் வேலையே உப்பு என்பது இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று என் குழாய் சொல்லாது. அதைச் சொல்ல அளவெடுக்க வேண்டும், ஓடையிலும் அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் எடுத்துப் பார்க்க வேண்டும், அரசு நீர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வாக்கியம். “உப்பு ரொம்ப அதிகமா இருக்கு. எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாது, இன்னும் பாக்கணும்.” அவ்வளவுதான்.

நான் நின்றுகொண்டிருந்த மேசை அந்த ஆலைக்காரர் பள்ளிக்குக் கொடுத்தது. மேசையின் ஓரத்தில் அவர் பெயரைச் சின்னத் தகட்டில் அடித்திருந்தார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அங்கேதான் வேலை செய்தார்கள். அந்தக் குடும்பங்களை நினைத்துத்தான் அதைச் சொல்லவில்லை என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு குடும்பமும் நினைவுக்கு வரவில்லை. தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்துப் பேசுவார் என்பதுதான் நினைவுக்கு வந்தது. அந்த வருடம் உதவித் தலைமையாசிரியர் பொறுப்புக்கு என் பெயர் பேச்சில் இருந்தது. பள்ளி விட்டதும் நீ வந்து கேட்டாய். “சாதாரண உப்புத் தண்ணிதான். நம்ம பக்கம் எல்லாக் கெணறும் இப்படித்தான்” என்றேன். “அப்பச் செடி ஏன் சார் கருகுது?” என்றாய். “இந்த வெயிலுக்குக் கருகாம என்ன செய்யும்” என்றேன். நீ தலையாட்டிவிட்டுப் போனாய். நம் பக்கத்துக் கிணறுகளில் உப்பு உண்டு என்பது உண்மைதான். அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. முழுப் பொய்யைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை.

நீ கட்டுரை எழுதினாய். நல்ல கட்டுரை. மூன்றாவது பத்தியில், “இது நம் வட்டாரத்தில் எல்லாக் கிணறுகளிலும் உள்ள சாதாரண உப்புநீர்தான் என்று வேதியியல் ஆசிரியர் கூறினார்” என்று எழுதியிருந்தாய். மலருக்கு வரும் கட்டுரைகளைத் திருத்துவது என் பொறுப்பு. ஆசிரியரைக் குறிப்பிடும் அந்தச் சொற்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “பள்ளி ஆய்வகத்தில் சோதித்தபோது தெரியவந்தது” என்று மாற்றினேன். வாக்கியம் நன்றாக இருக்கும் என்று உன்னிடம் சொன்னேன். யார் சொன்னது என்பதை மறைத்தேன் என்பதுதான் விஷயம். ஒரு மனிதன் சொன்ன வார்த்தையை யாரும் கேள்வி கேட்கலாம். ஆய்வகத்தில் தெரியவந்ததை யார் கேள்வி கேட்பது? இன்று நீ சென்னையில் தினம் பார்க்கும் “வட்டாரங்கள் தெரிவித்தன”, “கூறப்படுகிறது” என்ற வரிகளையெல்லாம் எழுதும் வித்தையை, உனக்கு முதலில் செய்து காட்டியவன் நான்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு பெரிய கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அந்த மே மாதம் கௌசல்யாவின் அம்மா மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கு வந்தார். கௌசல்யா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். திருப்பூருக்குப் போகிறோம், பனியன் கம்பெனியில் வேலை பேசியாகிவிட்டது என்றார். “பிளஸ் டூ மட்டும் இங்க முடிச்சுட்டுப் போகலாமேம்மா, நல்லாப் படிக்கிற புள்ள” என்றேன். “தண்ணி இருந்தா இருப்போம் சார்” என்றார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

“கோவிச்சுக்காதீங்க சார், ஒண்ணு கேக்கணும். கிராம சபையில நாங்க கெணத்தப் பத்திப் பேசுனப்ப, கம்பெனி ஆளு ஒருத்தரு இந்தப் பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்த எடுத்து வாசிச்சாரு. லேபுல பாத்துட்டாங்க, சாதாத் தண்ணிதானாம், வாத்தியார் மகளே எழுதியிருக்குன்னாரு. அதுக்கப்பறம் எங்க பேச்ச ஒருத்தரும் காதுல வாங்கல. நான் கேக்குறது என்னன்னா, நீங்க பாத்தது எங்க கெணத்துத் தண்ணிதானா? புள்ளைக கொண்டாந்ததுல பாட்டிலு கீட்டிலு மாறிப்போச்சோ?”

அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை என்பதைக் கவனி. நான் தப்பிக்க ஒரு வழியைத் தானாகவே திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் அந்த வழியில் போனேன். “மாறியிருக்கலாம்மா. சின்னப் புள்ளைகதானே” என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “அதானே. சார் தப்பாச் சொல்ல மாட்டாருன்னு நானும் வீட்ல சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்றார். வராந்தாவில் கௌசல்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பாட்டிலைக் கழுவி நிரப்பியது அவள். கொண்டுவந்தது நீ. அப்படியானால் மாற்றியது யார்? அவள் கணக்கில் அதற்கு ஒரே விடைதான் இருந்திருக்கும். அதன்பிறகு அவள் உன் போனை எடுக்கவில்லை. ஒரு வருடம் முயன்று பார்த்தாய். “அவ ஏம்ப்பா எங்கிட்டப் பேசவே மாட்டேங்குறா? நான் என்ன செஞ்சேன்?” என்று சாப்பாட்டு மேசையில் அழுதாய். “வேலைக்குப் போற புள்ள, நேரம் இருக்காதும்மா” என்றேன். பாட்டில் மாறவில்லை. நீ ஒன்றும் செய்யவில்லை. பத்து வருடம் கழித்து இதை எழுதுகிறேன்.

இதை நான் தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், ஒரு முறை இல்லை, மூன்று முறை. சுவாமியார் ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். மூன்றாம் முறை, “இதைச் சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதன்பிறகு அவரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்தபோதும் இதையேதான் கேட்டாய். வேதியியலில் நல்ல மதிப்பெண். “பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சுட்டு அப்புறம் பத்திரிகைக்குப் போறேம்ப்பா. எழுதுறதுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கணும்ல” என்றாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? உனக்கு எழுத்து வருகிறது, அதை எதற்கு அமிலத்தில் போட்டு ஊற வைக்கிறாய், நேராக இதழியலிலேயே சேர் என்றேன். ஆசிரியர் அறையில் என்னைப் பெருமையாகப் பேசினார்கள். பெண் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பி, டாக்டர் இஞ்சினியர் என்று வற்புறுத்தாமல், அவள் விருப்பத்துக்கு விட்ட மனிதர் என்றார்கள். நீயும் உன் தோழிகளிடம் அப்படித்தான் சொன்னாய். கல்லூரியில் வேதியியல் சேர்ந்தால் முதல் வருடத்திலேயே சில்வர் நைட்ரேட்டைக் கையில் எடுப்பாய். உப்பிலுள்ள குளோரைடை அளப்பது எவ்வளவு எளிது என்று பார்ப்பாய். அப்பா இதை எப்படித் தவறவிட்டார் என்று யோசிப்பாய். எனக்கு அந்தப் பயம்தான். உன் விருப்பத்துக்கு விடவில்லை அம்மா, என் பக்கத்திலிருந்து உன்னைத் தள்ளி அனுப்பினேன். இன்று சுற்றுச்சூழல் அறிவியலில் முழு முதுகலை சேரலாம் என்றால், அறிவியல் பட்டம் இல்லையே என்று உன்னைத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கதவைச் சாத்திய கை யாருடையது என்று தெரிந்துகொண்டு நீ அடுத்த முடிவை எடுக்க வேண்டும்.

நீ படித்த படிப்பை நான் குறை சொல்வதாக நினைக்காதே. கேள்வி கேட்கும் முறை, எதை எழுதினால் வழக்கு வரும், கெடு நேரத்துக்குள் எப்படி முடிப்பது, இதெல்லாம் அங்கே கற்றாய். ஆனால் அதெல்லாம் பாத்திரம்தான், உள்ளே போட ஒரு பொருள் வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவன் இங்கே ஒரு நாளிதழுக்கு நிருபராக இருக்கிறான். போன வருடம் போன் செய்தான். “சார், ஒரு தண்ணி ரிப்போர்ட் கெடச்சிருக்கு. டிடிஎஸ்னு ஏதோ ஒரு நம்பர் போட்டிருக்கு. அது சம்பளத்துல வரி பிடிப்பாங்களே, அதா?” என்றான். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவுப்பா என்றேன். “அப்ப இந்த நம்பர் நல்லதா கெட்டதா சார்? ஒரே வார்த்தையில சொல்லுங்க, பேஜ் போகப்போகுது” என்றான். நான் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. நான் எந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் மறுநாள் அதுதான் அச்சில் வந்திருக்கும். அவன் நல்ல பையன், சோம்பேறி இல்லை. அந்தத் தாளை அவனால் வாசிக்க முடியவில்லை, அதனால் என்னை நம்பினான். நீயும் அப்படித்தான் நம்பினாய். தெரியாத பத்திரிகையாளன் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். அவன் நம்பும் ஆள் என்னைப் போல இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ஒரு பாடத்தை அடிவரைக்கும் படித்தவருக்கு அந்தப் பாடம் மட்டும் தெரிவதில்லை. எதைச் சொல்லலாம், எதை இன்னும் சொல்லக் கூடாது என்ற எல்லை எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. ஒரு செய்தியைக் கேள். கௌசல்யாவின் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்கிறார்களாம். அகரம் ஊரில் அவர்களுக்கு உறவான ஒருவர் பேருந்தில் பார்த்தபோது சொன்னார். அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. தண்டனையாக ஏற்றுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் உரிமை இல்லை, தெரியாது என்ற இடத்திலேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உன் தளத்தில் இதற்கு ஒரு மணி நேரத்தில் தலைப்பு வைத்துவிடுவார்கள். அதைத் தடுத்து, இது தெரியும், இது தெரியாது, இதைத் தெரிந்துகொள்ள இன்னாரிடம் இன்ன தாளைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் ஒருவர் அந்த அறையில் வேண்டும். நீ அந்த ஆளாக வேண்டும் என்றால் இரண்டாவது முறையும் இதழியலிலேயே சேர்வதில் பயன் குறைவு என்று நினைக்கிறேன். சட்டமா, சுற்றுச்சூழலா என்பதை நான் சொல்லப்போவதில்லை. உனக்காக ஒரு முறை தேர்ந்தெடுத்தேன், போதும்.

போன வாரம் கௌசல்யாவின் பழைய ஊருக்குப் போனேன். கிணற்றின் மேல் முள்ளை வெட்டிப் போட்டு மூடியிருக்கிறார்கள். மல்லிகை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, எல்லைக் கல்கூட யாரோ பிடுங்கிப் போயிருக்கிறார்கள். என் கையில் காலி பாட்டில் ஒன்று இருந்தது. முள்ளை விலக்கிப் பார்த்தேன், தண்ணீர் கைக்கு எட்டும் ஆழத்தில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், “புள்ள அன்னைக்கு அழுதப்ப நீங்க ரசம் ஊத்திச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. போனை எடுக்காமல் இருந்தால் காரணம் கேட்க மாட்டேன்.

பொய் அச்சில் வந்தது. கிராம சபையில் வாசித்தார்கள். அதனால் திருத்தமும் அச்சில் வர வேண்டும், அதனால்தான் பழைய மாணவர் மலருக்குக் கொடுக்க நினைக்கிறேன். திருப்பூர் முகவரியை அகரத்து உறவினரிடம் வாங்கியிருக்கிறேன். நேரில் போய்ச் சொல்ல வேண்டியது என் வேலை, அதை உன் தலையில் கட்டவில்லை. இத்துடன் என் பழைய குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளை வைத்திருக்கிறேன். மூன்று குழாய்களிலும் அன்று நான் கண்டதை அன்றே எழுதி வைத்த தாள். கிழித்துப் போடாமல் ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதையும் நம்பிவிடாதே. எழுதிய கை அதே கைதான்.

விண்ணப்பத்தை நிரப்பும் முன் ஒன்றே ஒன்று செய். உன் பெட்டியில் அந்த ஆண்டு மலர் இருக்கிறது, எடு. பென்சிலோடு உட்கார்ந்து, உன் கட்டுரையில் நீ கண்ணால் கண்ட வரிகளை விட்டுவிட்டு, யாரோ சொல்லி நீ எழுதிய வரிகளை மட்டும் கோடிடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், சொன்னது யார் என்றும், அவரை நம்பாமல் நீயே சரிபார்க்க உனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்றும் எழுது. எது அதிகம் வருகிறதோ அந்தப் படிப்பில் சேர். மூன்றாவது பத்தியிலிருந்து தொடங்கு. அங்கே நான் அடித்துவிட்ட ‘வேதியியல் ஆசிரியர்’ என்பதை முதலில் எழுது.